முதல் நாளா, மொத்த நாளா? தினக்கூலிப் பணியாளர் முதுநிலைப் பட்டியலுக்கு எந்த அளவுகோல் பொருந்தும்

குமரி மாவட்டத்தில் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தின் பணியமைப்புப் பிரிவில் நான் எழுத்தராக இருந்தபோது, 1990களின் மஸ்டர் ரோல் கட்டு ஒன்றைப் பிரித்துப் பார்க்க நேர்ந்தது. நீளவாட்டுத் தாளில் மாதத்துக்கு முப்பத்தொரு கட்டங்கள். வேலைக்கு வந்த நாளுக்கு ஒரு சிறு கோடு, வராத நாளுக்கு ஒரு சுழி. கடைசிக் கட்டத்தில் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் பெருவிரல் ரேகை. மழை ஒழுகியதில் கீழ்ப்பாதி மை பரவி ஊதா நிறமாகிக் கிடந்தது. அந்த ஒரு தாளில் மட்டும் மூன்று மேரிகள் இருந்தார்கள். ஒருவருக்கும் தலைப்பெழுத்து இல்லை, தந்தை பெயரோ கணவர் பெயரோ இல்லை. மூன்றாவது பெயரின் அருகில் மேஸ்திரி பென்சிலால் ‘பெரிய மேரி’ என்று எழுதி வைத்திருந்தார். அந்தப் பென்சில் எழுத்துதான் பின்னாளில் ஒருவருடைய பணிமூப்புக்கு எஞ்சிய ஒரே அடையாளம்.

தினக்கூலிப் பணியாளர்களைப் பணிவரன்முறை செய்யும்போதெல்லாம், அதாவது நிரந்தரமாக்கும்போதெல்லாம், பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அடுத்தபடியாக எழுவது, யார் முன்னே, யார் பின்னே என்ற கேள்வி. முப்பது பேர் காத்திருக்கும் இடத்தில் அனுமதிக்கப்பட்ட காலிப்பணியிடம் பன்னிரண்டு என்றால், பன்னிரண்டாவது பெயருக்கும் பதின்மூன்றாவது பெயருக்கும் இடையில் விழும் கோடு காலமுறை ஊதியம், வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியம், குழந்தையின் படிப்பு என எல்லாவற்றையும் பிரித்துவிடுகிறது. அந்தக் கோட்டை எந்த அளவுகோலால் போடுவது என்பதை முடிவு செய்ய வேண்டிய நகராட்சி ஆணையர், பேரூராட்சிச் செயல் அலுவலர், தொழிற்சங்க நிர்வாகி ஆகியோர் முன் நடைமுறையில் நான்கு வழிகள் உள்ளன. முதன்முதலாக வேலைக்கு வந்த நாள், வேலை செய்த மொத்த நாட்கள், பத்தாண்டு போன்ற தகுதிக்காலத்தை நிறைவு செய்த நாள், பணிவரன்முறை ஆணை பிறந்த நாள் என்பவை அவை. நான்கையும் ஒரே மூவரின் மேல் பொருத்திப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். கீழே வரும் மூவரும் நான் கணக்குக்காக அமைத்துக்கொண்டவர்கள். ஆனால் இந்த மாவட்டத்தில் பட்டியல் தயாரித்த எவருக்கும் இவர்கள் அறிமுகமானவர்களாகவே இருப்பார்கள்.

முதலாமவர் 1994 மார்ச்சில் வேலைக்கு வந்து, மூன்றாண்டு பார்த்துவிட்டு, கூலி போதாமல் கேரளத்துக்குக் கட்டட வேலைக்குப் போய், 2001 மார்ச்சில் திரும்பி வந்து அன்றுமுதல் தொடர்ந்து வேலை செய்கிறவர். இரண்டாமவர் ஒரு பெண். 1995 ஜூனில் சேர்ந்து, இரண்டு பேறுகாலங்களில் தலா பன்னிரண்டு வாரம் தவிர, விடாமல் குப்பை அள்ளியவர். மூன்றாமவர் 1993, 1994 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சபரிமலை சீசனில் கன்னியாகுமரிக்கு வரும் ஐயப்ப பக்தர் கூட்டத்துக்காக அறுபது அறுபது நாள் கூடுதல் ஆளாக அழைக்கப்பட்டு, 1996 பிப்ரவரியிலிருந்து நிலையான தினக்கூலியானவர். கணக்கிடும் நாள் 1.1.2006 என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தேதியைச் சும்மா எடுக்கவில்லை. 28.2.2006 நாளிட்ட பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் அரசாணை எண் 22, 1.1.2006 அன்று பத்தாண்டு தினக்கூலிப் பணி முடித்தவர்களைப் பணிவரன்முறை செய்ய வழி திறந்தது. 2013 ஜூனில் வந்த அரசாணை எண் 74 அதே தேதியையே எல்லையாக நிறுத்திவிட்டது. அதனால்தான் இந்த மாநிலத்தில் தினக்கூலி வழக்குகள் பலவும் இன்றுவரை அந்த ஒரு தேதியைச் சுற்றியே நடக்கின்றன.

முதல் நாளைக் கொண்டு வரிசைப்படுத்தினால் சீசன் பணியாளர் முதலிடம், கேரளம் போய் வந்தவர் இரண்டாமிடம், விடாமல் உழைத்த பெண் கடைசி. இந்த வழியின் ஒரே வலிமை, அது எளிது; நாட்களை எண்ண வேண்டாம், ஒரே ஒரு தாள் போதும். தொழிலாளர்களே கூட முதலில் இதைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் “நான் வரும்போது நீ எங்கே இருந்தாய்” என்பதுதான் மூப்பைப் பற்றி அவர்களிடையே நிலவும் இயல்பான நியாயம். ஆயினும் விளைவைப் பாருங்கள். 1.1.2006 அன்று எட்டு ஆண்டுகூடப் பணி நிறையாத ஒருவர், பத்தரை ஆண்டு உழைத்தவருக்கு மேலே அமர்கிறார். சீசன் ஆள், திருவிழா ஆள் என்ற வழக்கம் இங்கே மிகுதி. கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர், மண்டைக்காட்டுக் கொடை என ஒவ்வொன்றுக்கும் சில நாட்கள் ஆள் எடுப்பார்கள். அந்தச் சில நாட்களின் ஒரு கையெழுத்தை மூப்பின் தொடக்கமாகக் கொண்டால், மேஸ்திரிக்கு வேண்டியவர் யாரோ அவரே மூத்தவர் என்றாகிவிடும். பழைய திருவிழா வவுச்சரில் இடைச்செருகலாக ஒரு பெயரைச் சேர்ப்பது கடினமான காரியமும் இல்லை.

மொத்த நாட்களைக் கொண்டு பார்த்தால் கணக்கு வேறு மாதிரி நகர்கிறது. மாதம் 26 நாள் என்று கொண்டால் கேரளம் போய் வந்தவருக்கு 94 மாதங்களில் 2,444 நாள். சீசன் பணியாளருக்கு 119 மாதத்தின் 3,094 நாளும் சீசனின் 120 நாளும் சேர்ந்து 3,214 நாள். அந்தப் பெண்ணுக்கு 127 மாதத்துக்கு 3,302 நாள் வர வேண்டும். பேறுகாலத்தின் 24 வாரங்களில் வாரத்துக்கு ஆறு நாளாக 144 நாளைக் கழித்தால் 3,158 நாள். அதாவது இரண்டு பிள்ளை பெற்ற ஒரே காரணத்தால் அவர் முதலிடத்திலிருந்து இரண்டாமிடத்துக்கு இறங்குகிறார். நான் முதன்முதலில் இப்படி ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று வெகுநேரம் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எண் எப்போதும் நடுநிலையானது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. தில்லி மாநகராட்சியின் மஸ்டர் ரோல் பெண் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில், மகப்பேறு நலன் தினக்கூலிப் பெண்களுக்கும் உரியது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு மார்ச் 8 அன்று தீர்ப்பளித்தது. தொழிற்தகராறு சட்டத்தின் 25-பி பிரிவும், ஓராண்டில் 240 நாள் வேலை செய்தாரா என்று எண்ணும்போது பன்னிரண்டு வாரம் வரையிலான மகப்பேற்று விடுப்பையும், வேலையில் நேர்ந்த விபத்தால் வர இயலாத நாட்களையும் வேலை செய்த நாட்களாகவே கொண்டது. ஆகவே மொத்த நாள் முறையைத் தேர்ந்தெடுக்கிற அலுவலகம், இந்த நாட்களைச் சேர்த்தே எண்ண வேண்டும். சேர்த்தால் அந்தப் பெண் 3,302 நாளோடு முதலிடத்துக்கு வருகிறார்.

மகப்பேற்றைச் சரிசெய்த பின்னும் இந்த முறையில் இரண்டு குறைகள் எஞ்சுகின்றன. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கிற மாவட்டம் இது. அடைமழை நாளில் சாக்கடை தூர்வாரும் ஆட்களை “இன்றைக்கு மஸ்டர் இல்லை” என்று திருப்பி அனுப்புவார்கள். தெருவிளக்கு ஆளுக்கும் குடிநீர்க் குழாய் ஆளுக்கும் அன்றுதான் வேலை கூடும். ஒரே ஆண்டில் சேர்ந்த இருவரில் சாக்கடைக்காரர் இருபது ஆண்டில் நூற்றுக்கணக்கான நாட்களை இழந்திருப்பார், அவர் தவறு எதுவும் இல்லாமலே. இரண்டாவது குறை, அலுவலகமே உண்டாக்கும் செயற்கை இடைவெளி. தொடர்பணி என்ற உரிமை பிறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில வாரங்களுக்குப் பெயரை எடுத்துவிட்டு மீண்டும் சேர்ப்பது, அல்லது அந்த வாரங்களில் வேறு தலைப்பில் வவுச்சர் போட்டுக் கூலி கொடுப்பது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசிய பின், சாய்ந்த மரங்களையும் சரிந்த கம்பங்களையும் அப்புறப்படுத்த எத்தனையோ தினக்கூலிகள் விடிய விடிய நின்றார்கள். அவசரச் செலவில் கூலி வழங்கிய இடங்களில் அந்த நாட்கள் மஸ்டரில் ஏறவில்லை. மஸ்டரை மட்டும் எண்ணுகிறவருக்கு, அவர்கள் அதிகமாக உழைத்த நாட்கள் வராத நாட்களாகவே தெரியும்.

மூன்றாவது வழியான தகுதிக்காலம் நிறைந்த நாள், நீதிமன்றங்களின் மொழிக்கு மிக அருகில் நிற்பது. கர்நாடக மாநிலம் எதிர் உமாதேவி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2006 ஏப்ரல் 10 அன்று வழங்கிய தீர்ப்பு, பின்வாசல் நியமனங்களை நிரந்தரமாக்கக் கூடாது என்று கூறியது. அதேவேளை, அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில், உரிய தகுதியுடன், நீதிமன்ற இடைக்கால ஆணையின் துணையின்றிப் பத்தாண்டு பணியாற்றியவர்களை ஒருமுறை நடவடிக்கையாக வரன்முறை செய்யலாம் என்று இடம் விட்டது. அந்தத் தீர்ப்பின் முதல் பாதியையே அலுவலகங்கள் ஆண்டுக்கணக்கில் மேற்கோள் காட்டி மனுக்களை நிராகரித்து வந்தன. 2010இல் கேசரி வழக்கும், மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவு முதலிய பணிகளைச் செய்து வந்தவர்களின் ஜக்கோ வழக்கும் (2024 டிசம்பர்), காசியாபாத் மாநகராட்சித் தோட்டத் தொழிலாளர்களின் ஸ்ரீபால் வழக்கும் (2025 ஜனவரி) இரண்டாம் பாதியை மீண்டும் நினைவூட்டியிருக்கின்றன. ஆண்டு முழுவதும் தேவைப்படும் வேலையைத் தற்காலிகப் பெயரில் வாங்கிக்கொண்டே, உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்பதே அவற்றின் சாரம்.

ஆனால் தகுதியைத் தீர்மானிக்கும் அளவுகோல் வரிசையைத் தீர்மானிக்கப் போதுமா என்பது வேறு கேள்வி. பத்தாண்டு நிறைந்த நாள் என்று பார்த்தால் அந்தப் பெண் 2005 ஜூனிலேயே தகுதி பெறுகிறார். சீசன் பணியாளருக்கு 1.1.2006 அன்று ஒரு மாதம் குறைகிறது. 120 சீசன் நாட்களைச் சேர்த்தால் தகுதி, சேர்க்காவிட்டால் இல்லை. கேரளம் போய் வந்தவர் வரம்புக்குள்ளேயே வருவதில்லை. இந்த வழியில் அநீதி குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் சிக்கல் ஓரங்களில் இருக்கிறது. ஒரு மாதக் குறைவால் வெளியே நிற்பவர் அத்தோடு விடமாட்டார், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடுவார், போட வேண்டியதுதான். அவர் வெல்லும் நாளில் பட்டியல் முழுவதும் கலைந்து, ஏற்கெனவே ஆணை பெற்றவர்கள் எதிர்மனுதாரர்களாக வக்கீல் தேட வேண்டிவரும். ஒரே விளக்குமாற்றை மாற்றி மாற்றிப் பிடித்த இருவர் நீதிமன்ற வராந்தாவில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நிற்கும் நிலையை இந்தப் பட்டியல்கள் உண்டாக்குகின்றன. அதை நேரில் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நான்காவது வழியான ஆணைத் தேதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்பணி எதையும் பார்க்காமல், ஆணை பிறந்த நாளில் எல்லோரும் சமம், சமமானவர்களில் வயதில் மூத்தவர் மேலே என்று முடிப்பது அது. நிர்வாகத்துக்கு மிகவும் வசதியானது. இருபதாண்டு உழைத்த நாற்பது வயதுக்காரரை, பதினோராண்டு உழைத்த நாற்பத்தைந்து வயதுக்காரருக்குக் கீழே வைப்பது.

இதுவரை சொன்னவற்றைப் பார்த்தால், சண்டையின் பெரும்பகுதி இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒரே பட்டியலில் போட்டுக் குழப்புவதால் வருகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. யாரை முதலில் நிரந்தரமாக்குவது என்பது ஒரு கேள்வி. நிரந்தரமான பிறகு மேஸ்திரியாகவோ மேற்பார்வையாளராகவோ பதவி உயர்வுக்கு யார் மூத்தவர் என்பது இன்னொரு கேள்வி. முதலாவதில் தினக்கூலிக் காலம் முழுவதும் எண்ணப்பட வேண்டும், ஏனென்றால் வரன்முறைக்கு அடிப்படையே அந்தக் காலம்தான். இரண்டாவதில் விதிப்படி நியமனம் பெற்று ஏற்கெனவே பணியில் இருப்பவர்களின் உரிமையும் சேர்கிறது. அவர்களைத் தாண்டிப் பழைய தினக்கூலித் தேதியிலிருந்து மூப்புக் கொடுத்தால் மறுபக்கம் அநீதியாகும். 1990இல் மகாராஷ்டிர நேரடி நியமனப் பொறியாளர்கள் வழக்கில் அரசியல் சாசன அமர்வு இதைப் பிரித்தே காட்டியது. விதிக்குப் புறம்பான இடைக்கால ஏற்பாடாக மட்டும் இருந்த பணி மூப்புக்குச் சேராது. நடைமுறை முழுமையாகப் பின்பற்றப்படாவிட்டாலும், விதிப்படி வரன்முறை ஆகும்வரை அந்தப் பணியிடத்தில் தடையின்றித் தொடர்ந்திருந்தால் அந்தக் காலம் சேரும். ஒருவர் இந்த இரண்டில் எந்தப் பக்கம் விழுகிறார் என்பதைப் பணியிடம் அனுமதிக்கப்பட்டதா, பணி தடையின்றித் தொடர்ந்ததா என்ற இரண்டு உண்மைகளே முடிவு செய்யும்.

ஓய்வூதியம் இதில் இன்னொரு கத்திமுனை. 1.4.2003 அன்றும் அதற்குப் பிறகும் பணியில் சேர்ந்த தமிழக அரசு ஊழியர்களுக்குப் பழைய ஓய்வூதியத்துக்குப் பதிலாகப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்ததால், வரன்முறை எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பது வெறும் மரியாதைக் கணக்காக இல்லாமல் முதுமைக்காலக் கஞ்சிக் கணக்காக மாறிவிட்டது. 1995இல் சேர்ந்தவரைப் பணியிடம் காலியாக இருந்தும் 2002இல் வரன்முறை செய்யாமல் கோப்பைத் தள்ளிவைத்து 2006இல் செய்தால், அந்தத் தாமதத்தின் விலையை அலுவலகம் தருவதில்லை, அவரே தருகிறார்.

இந்த மாவட்டத்துக்கு உரிய கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. நாகர்கோவில் 2019இல் மாநகராட்சியாகி, பிறகு ஆளூர், தெங்கம்புதூர் பேரூராட்சிகள் அதனுடன் இணைந்தன. கொல்லங்கோடும் ஏழுதேசமும் சேர்ந்து கொல்லங்கோடு நகராட்சி ஆயிற்று. ஐம்பத்தைந்தாக இருந்த பேரூராட்சிகள் ஐம்பத்தொன்றாயின. வரைபடத்தில் இது கோடு மாற்றம். பணியாளருக்கு இது, தன் ஊர்ப் பட்டியலில் மூன்றாவதாக இருந்தவர் புதிய பட்டியலில் நூற்றுப்பத்தாவதாகப் போகும் விஷயம். இணைந்து வந்தவர்களைக் கீழே சேர்ப்பது ஒரு வழி; எல்லோரையும் ஒரே அளவுகோலில் தேதிவாரியாகக் கலப்பது இன்னொரு வழி. இணைப்பை அந்தத் தொழிலாளர்கள் கேட்டு வாங்கவில்லை, அவர்கள் தெரு அப்படியே இருக்கிறது, அலுவலகப் பலகைதான் மாறியது. ஆகவே தேதிவாரியாகக் கலப்பதே சரி. அப்படிக் கலக்கும்போது ஒவ்வொரு பழைய ஊர்ப் பட்டியலுக்குள்ளும் ஏற்கெனவே இறுதியான வரிசை குலையாமல் இருக்க வேண்டும். மாவட்டம் முழுவதற்கும் ஒரே பட்டியல் என்ற யோசனையும் சிலரிடம் உண்டு. சிறிய பேரூராட்சியில் காலியிடமே வராமல் காத்திருப்பவருக்கு அது உதவும். ஆனால் ஆரல்வாய்மொழியில் குப்பை அள்ளும் அம்மாவுக்குக் களியக்காவிளையில் பணியிடம் கொடுத்தால் காலை ஆறு மணி மஸ்டருக்கு அவர் எந்த பஸ்ஸில் போய்ச் சேருவார்? தாலுகா அளவுக்கு மேல் அந்த யோசனை நடக்காது.

ஆதாரம் இல்லாமல் எந்த அளவுகோலும் வேலை செய்யாது. எல்லாட்டி என்ற தொழிலாளியின் வழக்கில் 2005ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், 240 நாள் பணியை நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளிக்கே என்றும், தன் வாக்குமூலத்தோடு நிறுத்தாமல் மஸ்டர் ரோல் போன்ற ஆவணங்களை வரவழைக்கக் கோர வேண்டும் என்றும் கூறியது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஆவணத்தை அலுவலக அலமாரியில் கரையானுக்குக் கொடுத்திருக்கிறோம். மஸ்டர் அழிந்த இடங்களில் உள்ளாட்சி நிதித் தணிக்கைக்குப் போன வவுச்சர்கள், ஈ.எஸ்.ஐ., வருங்கால வைப்பு நிதிப் பதிவுகள், அடையாள அட்டை, தடுப்பூசி முகாம் பட்டியல், பழைய வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஏற்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த 2005க்குப் பிறகு இவற்றின் நகலைக் கேட்டுப் பெறத் தொழிலாளிக்கே வழி இருக்கிறது. வெளிமுகமை வழியாக வேலை செய்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒப்பந்தக்காரர் பெயர் மாறும்போதெல்லாம் அவர்களுடைய ‘முதல் நாள்’ புதிதாகப் பிறக்கிறது, தள்ளுவண்டியும் தெருவும் அதேதான். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் அமர்ந்திருந்ததும், மாநகராட்சியின் கீழ் இருந்த பணி தனியாரிடம் போவதை எதிர்த்துத்தான்.

ஆகவே என் தேர்வு இது. நிரந்தரமாக்கும் வரிசைக்குத் தொடர்பணி தொடங்கிய நாளை எடுத்துக்கொள்ள வேண்டும். வெறும் முதல் நாளையோ வெறும் மொத்த நாளையோ எடுக்கக் கூடாது. ஆண்டுக்கு 240 நாள் என்ற கணக்கு தொடங்கி அதன்பின் அறாமல் வந்த முதல் தேதியே தொடர்பணியின் தொடக்கம். மகப்பேறு, வேலையில் காயம், மழைக்குத் திருப்பி அனுப்பிய நாள், அலுவலகம் தானே பெயரை எடுத்த இடைவெளி ஆகிய நான்கும் பணியாகவே எண்ணப்பட வேண்டும். தானாக விட்டுப் போன நீண்ட இடைவெளிக்கு முந்தைய காலமும் சீசன் நாட்களும், ஒரே தேதியில் இருவர் வரும்போது முந்துரிமை கொடுக்க மட்டும் பயன்படலாம். இப்படிப் பார்த்தால் அந்தப் பெண் முதலிடம், சீசன் பணியாளர் இரண்டாமிடம், கேரளம் போய் வந்தவர் மூன்றாமிடம். கேரளம் போய் வந்தவருக்கு இது வலிக்கும். வயிற்றுப்பாட்டுக்குப் போனவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அவர் போன நான்கு ஆண்டுகளில் அந்தத் தெருவைக் கூட்டியவர் வேறொருவர். பதவி உயர்வு மூப்புக்கு வரன்முறைத் தேதியைக் கொள்ளலாம், ஒரே ஆணையில் வந்தவர்களுக்குள் வயதைப் பாராமல் இந்த வரிசையையே காக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

தற்காலிகப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, முப்பது நாள் ஆட்சேபணைக்கு விட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று அலுவலகங்கள் நினைக்கின்றன. பலகை இருப்பது மாடியில். துடைப்பத்தோடு மாடி ஏறி யாரும் பட்டியல் படிப்பதில்லை. ஒருமுறை அப்படி ஒட்டிய பட்டியலைக் கீழே எடுத்து வந்து, காலை ஆறு மணிக்கு மஸ்டர் போடும் இடத்தில், சேர்ந்த தேதியோடு ஒவ்வொரு பெயராக நான் வாசித்தேன். பாதி முடிவதற்குள் பின்னாலிருந்து ஓர் அம்மா குரல் கொடுத்தார்: “சாரே, எனக்க பேரு எங்க கெடக்கு?” அவர் பெயர் இருந்தது, வேறொரு மேரியின் தேதியோடு. அருகில் நின்ற மற்ற இரண்டு மேரிகளும், பெரிய மேரி யார் என்று அங்கேயே கைகாட்டினார்கள். மூவரின் தேதிகளையும் அந்த இடத்திலேயே திருத்தி, மூவரிடமும் ரேகை வாங்கிக்கொண்டேன்.